ஊசி மருந்தும் கைமருந்தும்

நம் தோட்டப்புறங்களில், லயன் வீடுகளின் முன்பகுதியிலும் கோயில் மதில் ஓரத்திலும், எவரும் விதைக்காமலும் நீர் வார்க்காமலும் தானே செழித்து நிற்கும் சிறு செடி ஒன்றுண்டு. அதன் பூவுக்கு ஐந்து இதழ்கள். நிறம் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருப்பதனால் அதனை நித்தியகல்யாணி என்கிறோம். இடுகாட்டுப் பக்கம் மிகுதியாகக் காணப்படுவதனால் சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு, வீட்டில் வளர்க்கத் தயங்குவோரும் உளர்.

புற்றுநோய்க்கு ஏற்றப்படும் ஊசி மருந்துகளுள் இரண்டு, இந்தச் செடியிலிருந்து கிடைத்தவை என்று கூறினால் நம்மில் பலர் வியப்படைவர். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்பன அவை. ஜமைக்காத் தீவின் மக்கள் இதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடித்துவந்தனர். அவ்விலைகளுள் சில 1952ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் ராபர்ட் நோபிள் என்பவரின் கைக்கு வந்தன. சர்க்கரையைக் குறைக்கிறதா என்று எலிகளுக்கு அதன் சாற்றை ஊசி வழியே செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் வெள்ளை இரத்த அணுக்கள் வெகுவாகக் குறைந்து, அவை நோய்த்தொற்றால் மடிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது பயன்படக்கூடும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. நோபிளும் அவருடன் உழைத்த வேதியியலாளர் சார்ல்ஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வின்கிரிஸ்டின் 1963 முதல் அமெரிக்காவில் வழங்கிவருகிறது. இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

இந்த வரலாற்றைக் கேட்ட உடனே, "அப்படியானால் இலையையே கசக்கிக் குடித்துவிடலாமே" என்று ஒருவர் சொல்லக்கூடும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுப்பதற்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏற்றும் அளவு, பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதற்கு மேற்போனால் நரம்புகள் கெடும். செடியின் ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது, அதனுடன் வேறு என்னென்ன நஞ்சுகள் இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே நித்தியகல்யாணியைக் கண்ணுக்கு இனிய பூவாக மட்டும் வைத்துக்கொள்வோம். அதனைக் குடிப்பது வேண்டாம்.

ஆயினும் அதே வரலாறு மற்றொன்றையும் நமக்குக் காட்டுகிறது. மருத்துவமனை மருந்து என்றால் வெள்ளைக்காரன் செய்த நஞ்சு, பச்சிலை என்றால் நம் முன்னோர் தந்த அமுதம் என்று பிரித்துப் பேசுவது சரியன்று. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் பாக்லிடாக்சல், ஒரு மரத்தின் பட்டையிலிருந்து முதலில் கிடைத்தது. குடற்புற்றுக்குத் தரப்படும் இரினோட்டிகான், சீன நாட்டு மரமொன்றின் சாற்றை மூலமாகக் கொண்டது. அளவு தெரிந்து, சோதித்து, தூய்மைப்படுத்திய பச்சிலைச் சத்தே மருத்துவமனையில் பல வேளைகளில் நமக்கு ஏறுகிறது.

இனி, ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் அம்மையார் ஒருவர். மார்பில் கட்டி கண்டு, அறுவை முடிந்து, மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஊசி ஏற்றிக்கொள்ள ஜொகூர் பாருவுக்குப் போய்வருகிறார். இரண்டாவது ஊசிக்குப் பின் தலைமுடி கொட்டிவிட்டது. சோற்று வாசனை பட்டாலே குமட்டல். ஒட்டுப்பால் மூட்டைகள் கிடக்கும் ஸ்டோர் பக்கம் போகவே முடியவில்லை. நாத்தனார் ஒரு பச்சிலைச் சாறு கொண்டுவருகிறார். பக்கத்து லயத்துப் பாட்டி ஒரு பொடி தருகிறார். இரண்டையும் குடிக்கிறார். மூன்றாம் ஊசிக்குப் போனபோது தாதி கேட்கிறார்: "அம்மா, வீட்டில் வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" அம்மையார் சொல்கிறார்: "ஒன்றுமில்லை மிஸ்ஸி."

ஏன் அப்படிச் சொல்கிறார்? ஏசுவார்கள் என்ற அச்சம். பரிவோடு கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுப்பது போன்ற கூச்சம். படித்தவர்கள் முன் பச்சிலை பற்றிப் பேசுவதற்கு வெட்கம். இம்மூன்றையும் நாம் குறை கூற மாட்டோம். ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். அன்று எடுத்த இரத்தச் சோதனையில் கல்லீரல் கெட்டிருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி மருந்தினால் கெட்டதா, சாற்றினால் கெட்டதா என்பது மருத்துவருக்குத் தெரியாது. சாறு குடித்ததே தெரியாதபோது, ஊசி மருந்தின்மீதுதான் அவர் ஐயம் கொள்வார். அளவைக் குறைப்பார், அல்லது ஊசியைத் தள்ளிப்போடுவார். வேலை செய்யும் மருந்து குறைக்கப்பட, வேலை செய்யாத சாறு தொடரும். நோயைத் துரத்த வேண்டிய நாட்கள் வீணாகும்.

ஊசி மருந்து ஏன் இவ்வளவு துன்பம் தருகிறது என்பதையும் அறிந்துகொள்வோம். புற்றுநோயின் உயிரணுக்கள் மிக விரைந்து பெருகுபவை. விரைந்து பெருகும் அணுக்களைத் தேடி அழிப்பதே இம்மருந்தின் தொழில். நம் உடலில் மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்தோல், இரத்தம் ஊறும் எலும்புச் சோறு ஆகியவையும் விரைந்து பெருகுபவையே. லாலானுக்கு அடிக்கும் மருந்து பக்கத்திலிருக்கும் இளங்கன்றையும் கருக்குவது போல, இவையும் அடிபடுகின்றன. ஆகவே முடி கொட்டும், வாய் புண்ணாகும், வயிற்றுப்போக்கு வரும், வெள்ளை அணுக்கள் குறையும். இவற்றுள் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்தபின் மீண்டும் சீராகும்.

இத்துன்பங்களைத் தணிக்க, மருத்துவமனை தரும் மாத்திரைகளுடன் சேர்த்து, நாமே செய்துகொள்ளத்தக்கவை சில உண்டு. அவற்றுள் முதலாவது நம் அடுப்படியிலேயே இருக்கிறது. இஞ்சியைச் சொல்கிறோம். அமெரிக்காவில் 576 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சிப் பொடி உட்கொண்டவர்களுக்கு ஊசி ஏற்றிய முதல் நாளின் குமட்டல் குறைந்திருந்தது. ஊசிக்கு மூன்று நாள் முன்னதாகவே அவர்கள் தொடங்கினர். வாந்தியைத் தடுக்கும் மருத்துவமனை மாத்திரைகளையும் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டனர். பின்னும் ஒன்று: ஒன்றரை கிராம் உண்டவர்களுக்கு, குறைவாக உண்டவர்களைவிட அதிகப் பலன் கிடைக்கவில்லை. மருந்து என்றால் அதிகம் உண்டால் அதிகம் குணம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வேறு சில ஆய்வுகளில் இஞ்சியால் பெரும் பயன் காணப்படவில்லை என்பதும் உண்மை. ஒரு கிராம் என்பது அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி அளவே. சுக்குக் காப்பியாக, இஞ்சித் தேநீராக அதனை அருந்தலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதற்குக் காசு செலவே இல்லை. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்பின்மேல் மறுகையின் மூன்று விரல்களைக் குறுக்கே வையுங்கள். மூன்றாம் விரல் முடியுமிடத்தில், முன்கையின் நடுவே இரண்டு நரம்புக் கயிறுகள் போன்ற தசைநாண்கள் தென்படும். அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சீன வைத்தியத்தில் ஊசி குத்தும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஊசி குத்தும் அக்குபங்சர் முறை, புற்றுநோய் மருந்தினால் வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் பயன் தருகிறது என்று 1997ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உடல்நலக் கழகம் கூட்டிய அறிஞர் குழு ஏற்றுக்கொண்டது. விரலால் அழுத்துவது அதைவிட மென்மையான முறை. லோரியில் குலுங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியிலும் செய்யலாம்.

வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்பு நீரால் நாளில் நான்கைந்து முறை கொப்பளிப்பது நல்லது. ஃபுளோரோயுராசில் என்னும் மருந்தை விரைவாக ஏற்றும்போது, அரை மணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கியிருந்தால் புண் குறைவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். குளிரினால் இரத்த ஓட்டம் சுருங்க, மருந்து அவ்விடத்தில் குறைவாகச் சேர்கிறது. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து பெறுவோருக்குக் குளிர்ச்சி ஆகவே ஆகாது. தொண்டையும் விரல்களும் வலித்து மரத்துப்போகும். ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு வினையாவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. பக்கத்துப் படுக்கைக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யாமல், தம் மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்டு தாதியிடம் கேட்டுச் செய்ய வேண்டும். வெற்றிலை பாக்கு போடும் வழக்கமுடைய பெரியவர்கள், வாய் புண்ணாக இருக்கையில் அதனை அறவே விட வேண்டும். பாக்கு தானே வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் பொருள் என்பதனால், பிறகும் தொடாமலிருப்பதே நலம்.

உடற்சோர்வுக்குப் படுத்துக் கிடப்பதே மருந்து என்று பலர் நினைக்கிறோம். அதற்கு மாறாக, நாள்தோறும் சிறிது நடப்பதே சோர்வைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. மாலை வெயில் தாழ்ந்தபின் லயன் சாலையில் ஒரு சுற்று போதும். யோகாசனத்தில் உள்ள எளிய மூச்சுப் பயிற்சியும் உறக்கத்திற்குத் துணைபுரியும். சோற்று வாசனை பிடிக்காவிட்டால், ஆறிய கஞ்சியைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை குடிக்கலாம்.

இனித் தீங்கு தரக்கூடியவற்றைப் பார்ப்போம். முள்சீத்தா எனப்படும் டுரியான் பெலண்டா இலையும், சபா பாம்புப்புல் எனப்படும் பெலாலை காஜாவும் நம் நாட்டில் புற்றுநோய்க்கு மருந்தென்று பெரிதும் பேசப்பட்டவை. கண்ணாடிக் குழாயில் வைத்துச் சோதிக்கும்போது இவற்றின் சாறு புற்று அணுக்களைக் கொல்வது மெய்யே. ஆனால் மனிதருடைய உடலில் நோயைப் போக்கியதாக நம்பத்தக்க சான்று இல்லை. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், முள்சீத்தாப் பழத்தையும் இலைச்சாற்றையும் நெடுங்காலம் உண்டவர்களிடையே நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய் காணப்படுவதை 1999ஆம் ஆண்டில் மருத்துவர்கள் எழுதினர். எப்போதாவது ஒரு பழம் உண்பதை இது குறிக்காது. நாள்தோறும் இலையை அவித்துக் குடிப்பதையே எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பச்சையாக அரைத்து வடிகட்டிய எந்தச் சாறாயினும், அருகம்புல்லாயினும், மண்ணிலுள்ள கிருமிகளை நேரே வயிற்றுக்குள் கொண்டுசேர்க்கும். பம்ளிமாஸ் பழம் சில மாத்திரைகளின் வேகத்தை இரத்தத்தில் கூட்டிவிடும். மஞ்சளைப் பொறுத்தவரை, குழம்பில் போடும் அளவுக்குத் தடையில்லை. மாத்திரையாகச் செறிவாக்கி விற்பதைத்தான் கேளாமல் உண்ணலாகாது.

இவற்றைவிட அஞ்சத்தக்கவை, பெயரில்லாப் பொடிகளும் உருண்டைகளும். "மூன்று நாளில் பசி எடுக்கும், வலி போகும்" என்று சந்தையில் விற்கப்படும் சில ஜாமு வகைகளில், டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டிராய்டு மருந்து திருட்டுத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சின் சோதனைகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கின்றன. பசி எடுப்பதும் வலி போவதும் அதனால்தான். அது காய்ச்சலையும் மறைத்து, உள்ளே கிருமி பெருகுவதை வெளியே தெரியாமல் செய்துவிடும். முறையாகப் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் மால் என்ற மூன்று ரோமன் எழுத்துகளும், எட்டு இலக்கங்களும், இறுதியில் டி என்ற எழுத்தும் இருக்கும். அந்த எண் இருப்பினும், அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்தல் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆகவே "புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்து" என்று எவரேனும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால், அந்தத் தாளே அவரை யாரென்று காட்டிவிடுகிறது.

மருத்துவமனை வேண்டாம், இதுவே போதும் என்று முற்றாக மாறிவிட்டவர்கள் நிலை என்னவாயிற்று? பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விலக்கி மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 பேரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். மருத்துவமனைச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் இவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது என்று 2018ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளிவந்தது. கைமருந்து ஊசி மருந்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். அதன் இடத்தில் நிற்க முடியாது.

பக்கத்தில் நிற்பதற்கு அரசாங்கமே இடம் ஒதுக்கியிருப்பதை நம்மில் பலர் அறியோம். பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவுகளை அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே அமைக்கும் திட்டத்தை, சுகாதார அமைச்சு 2007ஆம் ஆண்டில் பினாங்கின் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கியது. அடுத்து இடம்பெற்ற மருத்துவமனைகளுள் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் ஒன்று. ஜொகூர் தோட்டங்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பலர் போய்வரும் மருத்துவமனையும் அதுவே. அது நிற்கும் மவுண்ட் ஆஸ்டின் வட்டாரத்தின் பெயர், முன்னாளில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயராக இருந்ததைப் பழைய தொழிலாளர் அறிவர். அக்குபங்சர், மலாய் மரபு உடம்புப்பிடி, புற்றுநோயாளருக்குத் துணைச் சிகிச்சையாக மூலிகை ஆகியவை இத்திட்டத்தில் அடங்கின. இங்கே மூலிகை தருவது நோயைப் போக்குவதற்கன்று; உறக்கம், பசி, சோர்வு ஆகியவற்றைச் சீர்செய்வதற்கே. நோயாளி தானாகப் போய் நிற்க முடியாது. சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதம் வேண்டும். அக்கடிதத்தைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வெளியிலுள்ள வைத்தியர்கள் பதிவு பெறுவதற்கும் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வழிசெய்துள்ளது. ஒருவரிடம் போகுமுன் "ஐயா, நீங்கள் பதிவு பெற்றவரா?" என்று பணிவாகக் கேட்பது நம் உரிமை. உடம்பு பிடித்துவிடுவோர் கட்டியின் மேலும், வீங்கிய காலின் மேலும் கை வைக்கக் கூடாது.

வேண்டுதல் பற்றியும் ஒரு சொல். நோய் குணமாக வேண்டி, தைப்பூசத்தில் அலகு குத்துவதாகவோ, மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீமிதிப்பதாகவோ நேர்ந்துகொள்வோர் உளர். நம்பிக்கை மனத்திற்கு வலிமை தருவது. அதனைத் தடுப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் ஊசி ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகத் தாழ்ந்திருக்கும் காலம். அப்போது ஒரு சிறு காயமும் உயிருக்கு ஆபத்தாகலாம். நேர்த்திக்கடனைச் சிகிச்சை முழுவதும் முடிந்த அடுத்த ஆண்டில் செலுத்துவதாக அம்மனிடமே சொல்லிவிடலாம். கடும் விரதத்தையும் அவ்வாறே தள்ளிவைக்கலாம்.

அந்நாட்களில் உடல் வெப்பம் 38 பாகை தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல், கசாயம் வைத்துப் பார்க்காமல், இரவானாலும் அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். "கீமோ ஏற்றியவர்" என்ற சொல்லை அங்கே முதலில் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருப்பது அவசியம்.

அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது, வீட்டில் சாப்பிடுகிற பொடி, இலை, எண்ணெய், உருண்டை அனைத்தையும் உறையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாத இலையாயின் ஒரு கொத்தைப் பறித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் பையைத் திறந்து காட்டினால் போதும். நாம் முன்னர் எண்ணிப் பார்த்த அம்மையார் அவ்வாறு காட்டியிருந்தால், பொடியை நிறுத்திவிட்டு ஊசியைத் தொடர்ந்திருப்பார்கள். சுக்குக் காப்பியைக் குடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கவும் கூடும்.

வேலைக்குத் திரும்புவோருக்கு ஒன்று. வின்கிரிஸ்டின், பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் பெற்றவர்களுக்கு விரல் நுனியும் பாதமும் மரத்துப்போவதுண்டு. சீராவதற்குப் பல மாதங்கள் ஆகும். உளியின் கூர்மையை விரலால் அறிய முடியாது. கால் எங்கே ஊன்றுகிறது என்பதும் சரியாகத் தெரியாது. அத்தகையோர் இருட்டு விலகுமுன் சரிவான நிரையில் மரம் வெட்டுவது ஆபத்து. மருத்துவரிடம் இதனைக் கூறி, எளிய வேலைக்குக் கடிதம் பெற்று, பெரட்டில் கிராணியிடம் முன்னதாகவே கொடுத்துவைக்க வேண்டும். உளி தீட்டுவதை வீட்டிலுள்ள வேறொருவர் செய்யட்டும்.